கல்லையும் கட்டையையும் பற்றி வளரும் நீர்ச்செடிகள்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் நகரங்களில் மட்டுமன்றி எமது கிராமங்களிலும் பரவியுள்ளது. தொட்டிக்கு அழகு தருவது மீன் மட்டுமன்று, அதனுள் நிற்கும் பச்சைச் செடியுந்தான். செடியை மண்ணில் நடாது ஒரு கட்டையிலோ கல்லிலோ பற்றவைத்து, அக்கட்டையோடே தொட்டியில் வைப்பது இன்று பலரும் விரும்பும் முறையாகும். யப்பானைச் சேர்ந்த தக்காஷி அமானோ (1954 - 2015) பாசியும் பன்னமும் படர்ந்த கற்களையும் கட்டைகளையும் கொண்டு அமைத்த தொட்டிகள் இம்முறையை உலகெங்கும் பரப்பின. அவ்வாறு வேர்பிடித்த செடியை வாங்குபவர் நட வேண்டியதில்லை. கொண்டுபோய் வைத்தாற் போதும். ஆதலால் தனிச்செடியிலும் பார்க்க இதற்குக் கூடிய விலை கேட்க இடமுண்டு.

இதற்குப் பெரிய முதலோ இயந்திரமோ தேவையில்லை. கைப்பக்குவமும் பொறுமையும் வேண்டும். செடியின் இயல்பை அறிந்திருத்தல் அவற்றிலும் முக்கியம். ஆகவே முதலில் அதனைப் பார்ப்போம்.

எந்தச் செடியைக் கட்டலாம்?

எமது வீடுகளில் ஓர்க்கிட்டைத் தென்னம் பொச்சிலோ மரத்துண்டிலோ கட்டித் தொங்கவிடுகிறோம். அது மண்ணைத் தேடுவதில்லை. வேரினால் மரத்தைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. நீரிலும் இவ்வாறான செடிகள் உண்டு. மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் அருவிக்கரைகளில் வளரும் அனுபியாஸ், தென்கிழக்காசிய ஓடைக் கற்களில் வளரும் ஜாவாப் பன்னம், போர்ணியோத் தீவின் பூசெபலாண்ட்ரா ஆகியன இவ்வகையின. வெள்ளம் அடித்துச் செல்லாதபடி கல்லைப் பற்றிக்கொள்வதே இவற்றின் வேருக்குள்ள முதல் வேலை.

இவற்றின் தண்டு இஞ்சி, மஞ்சள் போலப் படுத்து வளரும். இதனை வேர்த்தண்டுக்கிழங்கு என்பர். இங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர். இஞ்சியைப் புதைத்துப் பழகிய கை இதனையும் மண்ணில் புதைத்துவிடும். புதைத்தால் கிழங்கு அழுகும், இலைகள் ஒவ்வொன்றாய்க் கழன்று விழும். வேர் மண்ணுக்குள் போனாற் குற்றமில்லை. கிழங்கு வெளியே நீரோட்டத்தில் இருத்தல் வேண்டும். கல்லிலும் கட்டையிலும் கட்டுவதன் காரணம் இதுவே.

ஜாவாப் பாசிக்கு உண்மையான வேரே இல்லை. நூல் போன்ற வேர்ப்போலிகளால் அது பற்றிக்கொள்ளும். நீரில் மிதக்கும் ரிக்சியாவோ எக்காலத்திலும் பற்றாது. அதனைக் கட்டுவோர் உக்காத நூலினால் கட்டி அடிக்கடி கத்தரிக்க வேண்டும்.

எமது நாட்டுக்கே உரிய கிரிப்டோகொரைன் இனங்கள் பல உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளர்கின்றன. வென்டியி, பெக்கெற்றியி, வோக்கரி என்பன அவற்றுட் சில. ஆனால் இவை மண்ணில் வேரூன்றி உணவெடுப்பவை. கட்டையில் கட்டினால் செழிக்கமாட்டா. இவற்றுட் சில இனங்கள் இயற்கையில் அழியும் ஆபத்திலும் உள்ளன. எனவே ஓடைகளில் இவற்றைப் பிடுங்குவதை முற்றாகத் தவிர்த்தல் வேண்டும். வளர்ப்போரிடம் பெற்ற தாய்ச்செடிகளைப் பெருக்குவதே முறையானது.

கட்டையும் கல்லும்

கட்டை வைரமானதாய், நன்கு காய்ந்ததாய், பட்டை உரிக்கப்பட்டதாய் இருக்க வேண்டும். பலா போன்ற பால் வடியும் மரங்களும், மை பூசிய பலகைகளும், உக்கிய விறகும் உதவா. காய்ந்த கொய்யாக் கிளை நன்று. கண்டற் காட்டில் வேர் வெட்டுவது கூடாது. அக்காடுகள் மீனும் இறாலும் பெருகும் இடங்கள் என்பதைக் கடற்கரை மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா வீட்டிலும் உள்ள சிரட்டையை மறந்துவிடலாகாது. தும்பைச் சுரண்டிவிட்டுக் கழுவிய சிரட்டை, செடி பற்றுவதற்கு நல்ல தளம். ஒரு பக்கத்தில் வாசல் போல வெட்டிக் கவிழ்த்து வைத்தால் மீன்கள் ஒளிந்துகொள்ளும் வீடும் ஆகும்.

கட்டையையும் சிரட்டையையும் இரண்டொரு மணி நேரம் கொதிக்கவைத்து, பின்னர் இரண்டு மூன்று கிழமைகள் நீரில் ஊறவிட வேண்டும். நீரை இடையிடையே மாற்றுக. முதலில் நீர் சாயத்தேநீர் நிறமாகும். இது மரத்திலுள்ள தனின் கரைவதால் ஏற்படுவது, மீனுக்கு நஞ்சன்று. ஊறியும் மிதக்கும் கட்டையை ஒரு தட்டையான கல்லோடு பிணைத்துவிடலாம்.

கல்லைச் சோதிக்க அதன்மேல் சில துளி வினாகிரி விடுக. நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கற்கள் பெரும்பாலும் இவ்வகையின. அவை நீரை மேலும் வன்மையாக்கும். அனுபியாசும் ஜாவாப் பன்னமும் ஓரளவு வன்னீரைத் தாங்குமாயினும், சொரசொரப்பான கருங்கல்லே எவருக்கும் ஏற்றது. வழுவழுப்பான கல்லில் வேர் பிடிக்க நாட் செல்லும்.

கட்டும் முறை

கூரிய, சுத்தமான பிளேட்டினால் கிழங்கை வெட்டுக. ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலைகளாவது இருக்கட்டும். பழுத்த இலைகளை நீக்கி, நீண்ட வேர்களை இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குக் கத்தரிக்க வேண்டும். கிழங்கைக் கட்டையின் வெடிப்பிலோ பள்ளத்திலோ படுக்கவைத்து, இலைகளுக்கு இடையே நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிடுக. வளரும் நுனியின்மேல் நூல் படலாகாது. இறுக்கம் கிழங்கை வெட்டாதபடியும், நீருக்குள் அசைத்தால் செடி ஆடாதபடியும் இருக்க வேண்டும். ஆடும் செடி வேர் பிடிக்காது.

எந்த நூல்? பருத்தி நூல் சில கிழமைகளில் உக்கிப்போகும். விரைவில் பற்றும் பாசிக்கும் பன்னத்துக்கும் அது போதும். அனுபியாஸ் மெதுவாகவே வளரும். அது பற்றுவதற்குள் பருத்தி அறுந்துவிடலாம். அதற்குத் தங்கூசி நல்லது. செப்புக் கம்பி வேண்டாம். செம்பு கரைந்தால் தொட்டியிலுள்ள இறாலுக்கும் நத்தைக்கும் கேடு.

பாசியை வாரிக் குவித்துக் கட்டுவதும் பரவலான பிழை. கீழ்ப்படைக்கு ஒளி போகாது, அழுகும். அடியிலுள்ள கட்டை தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பரப்பி, ஒரு விரல் இடைவெளியில் நூலைச் சுற்றுக.

அவசரத்துக்கு உடனொட்டிப் பசையும் பயன்படுகிறது. சயனோஅக்ரிலேற்று வகையைச் சேர்ந்த, களி போன்ற பசையே வசதியானது. கிழங்கின் அடியிலும் கட்டையிலும் ஈரத்தைத் துடைத்து, பயறளவு பசை வைத்து அரை நிமிடம் அழுத்தினாற் போதும். நீரில் வைத்ததும் வெண்படலம் தோன்றினால் அஞ்ச வேண்டாம். ஆனால் இப்பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ பெருமளவு பட்டால் கடுஞ்சூடு உண்டாகிக் கையைச் சுடும். சிறுவர் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

பராமரிப்பு

கட்டியதை நிழலில் வைக்க வேண்டும். நேர்வெயிலில் இலைமேல் அல்காப் படியும். நீருக்குள்ளேயே வைக்கலாம். அல்லது வேர் எப்போதும் ஈரமாயும் இலை ஈரக்காற்றிலும் இருக்கும்படி மூடிய தட்டில் வைக்கலாம். காற்றில் வளர்ந்த இலைகள் சில, நீருக்குள் போனதும் உதிர்ந்து புதிய இலைகள் வரும். இதனை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. கிழங்கு மென்மையாகி நாறினால், கெட்டியான பகுதி வரும்வரை வெட்டியெறிக.

திறந்த தொட்டி ஒவ்வொன்றிலும் கப்பி மீன் விடுக. டெங்கு நுளம்பை வளர்த்துக்கொண்டு செடி வளர்ப்பது எவருக்கும் இலாபமன்று. கழிக்கும் துண்டுகளை வாய்க்காலிலோ குளத்திலோ வீசக்கூடாது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்நாட்டுக்கு வந்த ஐக்கோர்னியா நீர்நிலைகளை மூடி, 1909 இல் அதற்கென ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

தொழிலாகச் செய்வோருக்கு

செடி கட்டுமுன் வாங்குபவரைத் தேடுக. அவர் விரும்பும் செடி, அளவு, கட்டையின் வடிவம் ஆகியவற்றைக் கேட்டறிக. ஏற்றுமதிக்குப் போகும் செடிக்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். நத்தையோ பூச்சியோ இருந்தால் அது கிடைக்காது. 1998 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடமும் ஆலோசனை கேட்கலாம். எல்லாச் செடியையும் விற்றுவிடாது தாய்ச்செடிகளைக் காப்பது அவசியம்.

ஒரு செடியைக் கட்ட ஐந்து நிமிடம் போதும். அனுபியாஸ் பற்றுவதற்கோ சில மாதங்கள் செல்லலாம். விலை பேசும்போது ஐந்து நிமிடக் கூலியை மட்டும் கணக்கிட்டால், நிழலும் நீரும் கொடுத்துக் காத்த மாதங்கள் இலவசமாகிவிடும். வீட்டிலிருந்து உழைக்கும் பெண்களின் காலம் இவ்வாறே பல தொழில்களில் கணக்கில் வராமற் போகிறது. ஆகவே கட்டிய திகதியை ஒவ்வொரு கட்டையிலும் குறித்துவைப்பது நல்லது. காத்திருந்த காலத்துக்கு அது சாட்சியாகும்.

அதேபோல், நேற்றுக் கட்டியதை வேர்பிடித்தது என்று விற்பதும் நீதியன்று. வாங்கியவரின் தொட்டியில் நூல் உக்கும் நாளில் செடி மிதக்கும். அடுத்த கட்டளை வராது. வேர் பிடித்ததா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நூலை ஓரிடத்தில் வெட்டி, செடியை விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கட்டையும் சேர்ந்து எழும்பினால் அது விற்பனைக்குத் தயார். செடி மட்டும் கையோடு வந்தால், மீண்டும் கட்டி நிழலில் வையுங்கள்.