உஷார்! காருக்குப் பின்னால் ஒரு வீடு வருகிறது

2024 டிசம்பர் 23 இரவு, கேரளத்தில் வடகரைக்குப் பக்கம் கரிம்பனப்பாலத்தில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஒருவர் கதவுப் படியில், இன்னொருவர் உள்ளே. உடம்பில் காயம் எதுவும் இல்லை. ஏ.சி. ஓட ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு, தரைப்பலகையில் இருந்த ஓட்டை வழியே உள்ளே ஏறிவிட்டது என்று பிறகு நடந்த ஆய்வு சொன்னது. நிறமோ வாசனையோ இல்லாத வாயு அது. இறந்தவர்கள் வண்டிக்குப் புதியவர்களும் இல்லை, அதிலேயே வேலை பார்த்தவர்கள்.

அது சொந்த எஞ்சினில் ஓடும் வண்டி. இப்போது கொல்கத்தாவில் பலர் ஆசைப்படுவது காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் குட்டி டிரெய்லருக்கு. இரண்டு பேர் படுக்கலாம், ஓரமாக ஒரு அடுப்பு, மேலே ஒரு சோலார் தகடு. தீ-பு-தா என்று வங்காளிகள் செல்லமாகச் சொல்லும் தீகா, புரி, தார்ஜிலிங் மூன்றுக்கும் ஹோட்டல் தேடாமல் போய்வரலாம் என்ற கனவு. லேக் மார்க்கெட் பக்கத்து நம்மவர்களும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆசையைக் கெடுக்க வரவில்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் டிரெய்லருக்குள் போய் மெத்தையில் உட்கார்ந்து பார்க்காதீர்கள். அதன் அடியில் படுத்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் பணமும் உயிரும் போவது அடிப்பக்கம் வழியாகத்தான்.

முதலில் காகிதம். டிரெய்லர் காரோடு சேர்ந்த ஒரு துணைப்பொருள் என்று விற்பவர் சொல்வார். இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆம் பிரிவுப்படி டிரெய்லருக்கும் மற்ற வண்டிகளைப் போலவே பதிவு உண்டு. அதன் பக்கவாட்டில் அதற்கென்று தனி எண் எழுதியிருக்க வேண்டும். இழுத்துப் போகும் காரின் எண் டிரெய்லரின் பின்பக்கம் தெரிய வேண்டும். பக்கவாட்டில் எண் இல்லாத டிரெய்லரை ஒருவர் ‘செகண்ட் ஹேண்ட், ஒரே ஓனர்’ என்று காட்டினால், அது அநேகமாகச் சட்டத்தின் கண்ணில் பிறக்கவே பிறக்காத வண்டி.

ஹௌராவில் பெலிலியஸ் ரோடு, லிலுவா பக்கமெல்லாம் லேத் பட்டறைகள் நிறைய. இரும்பு வேலையில் அந்த மிஸ்திரிகளை மிஞ்ச ஆளில்லை. படம் வரைந்து கொடுத்தால் யானையையே வார்த்துக் கொடுப்பார்கள். அப்படி ஒரு பட்டறையில் பாதி முடிந்த டிரெய்லர் ஒன்றைப் பார்த்தேன். வெளியே தகடு பளபளவென்று இருந்தது. குனிந்து பார்த்தால் சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் வெல்டிங் தொட்டுத் தொட்டு வைத்த பொட்டாக நின்றது. ஆக்சில் ஏதோ பழைய வேனிலிருந்து கழற்றியது. “பதிவு எப்படி?” என்று கேட்டேன். “ஹோயே ஜாபே, தாதா” என்றார். ஆகிவிடுமாம். எப்படி ஆகும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. வகை ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரின் சான்றும் சேஸிஸ் எண்ணும் இல்லாமல் பெல்தலா மோட்டார் வாகன அலுவலகத்தில் போய் நின்றால், கையை விரித்துத் திருப்பி அனுப்புவார்கள். பணம் கைமாறிய பிறகு மிஸ்திரி போனை எடுப்பாரா என்பது உங்கள் ஜாதகத்தைப் பொறுத்தது.

பதிவில்லாத வண்டியை ஓட்டினால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம், வண்டியையும் பிடித்து வைக்கலாம். அதைக் கட்டிவிடலாம். கட்ட முடியாதது வேறு. பதிவு இல்லாமல் சாலையில் ஓடிய வண்டிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை, அது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் டிரெய்லர் கழன்றுபோய் கோனா எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு பைக்காரர் மேல் ஏறினால், அந்தக் குடும்பத்துக்கான நஷ்டஈடு உங்கள் வீட்டுப் பத்திரத்தின் மேல் வந்து உட்காரலாம். காரின் பாலிசி டிரெய்லரையும் காப்பாற்றும் என்று ஏஜென்ட் வாயால் சொன்னால் போதாது. பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிரெய்லர் கழன்று போகுமா? போகும். காரின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தும், அதன் மேல் கவிழும் டிரெய்லரின் கிண்ணமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஐரோப்பியப் பந்து 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் பழக்கத்தில் உள்ள சிறிய அளவு ஏறக்குறைய 48. இணையத்தில் இரண்டும் கிடைக்கின்றன, படத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். 48 பந்தின் மேல் 50 கிண்ணத்தை வைத்தால் அழகாக உட்காரும், பூட்டும் விழும், வாசலில் குலுக்கிப் பார்த்தாலும் கழலாது. நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டால் கிண்ணம் பந்தைவிட்டு எகிறிவிடும். பந்தின் தலையில் அளவு பொறித்திருக்கும், கிண்ணத்திலும் இருக்கும். இரண்டையும் கண்ணால் படியுங்கள். அப்படியும் கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் தாங்க இரண்டு சங்கிலிகளை அடியில் குறுக்காகப் போட்டு மாட்ட வேண்டும். சங்கிலி மாட்ட வளையமே இல்லாத டிரெய்லர் என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் கார் இழுக்குமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. காரோடு வந்த கையேட்டைத் திறந்து இழுவை எடை எவ்வளவு என்று தேடுங்கள். நம் ஊரில் ஓடும் பல சின்னக் கார்களின் கையேட்டில் அந்த எண்ணே இருக்காது, அல்லது இழுக்கவே வேண்டாம் என்று இருக்கும். “நம்ம காரு மலையே ஏறுது சார்” என்பது பதில் இல்லை. இழுப்பது எஞ்சின், நிறுத்துவது பிரேக். ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். விற்பவர் சொல்லும் எடை வெறும் வண்டியின் எடை. அதில் நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பினால் நூறு கிலோ. பிறகு மெத்தை, பேட்டரி, சிலிண்டர், அரிசி மூட்டை, மாமியாரின் ஊறுகாய் ஜாடி. 750 கண்மூடித் திறப்பதற்குள் தாண்டும்.

அந்தச் சாமானை எங்கே வைக்கிறீர்கள் என்பது எடையைவிட முக்கியம். ஆக்சிலுக்குப் பின்னால் கனம் ஏறினால் டிரெய்லரின் மூக்கு லேசாகி, வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். லாரி ஒன்று முந்திப் போகும் காற்றே போதும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மூக்கில் அழுந்த வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. குளியலறை எடைக் கருவியை மூக்கின் கீழே, கொக்கி மாட்டும் உயரத்துக்கு ஒரு கட்டை கொடுத்து நிறுத்திப் பாருங்கள். 600 கிலோ டிரெய்லருக்கு 60 காட்டினால் சரி, 15 காட்டினால் சாமானை முன்னால் நகர்த்துங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் கால்பைசாகிப் புயல்காற்று அடிக்கும் நேரத்தில் வித்யாசாகர் சேது மேல் டிரெய்லரோடு போகவே போகாதீர்கள். வால் ஆடத் தொடங்கினால் கை தானாக ஸ்டீயரிங்கைத் திருப்பும், கால் தானாக பிரேக்கை மிதிக்கும். இரண்டும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துத் தானாக வேகம் குறைய விடுங்கள்.

டயரில் தேய்மானம் இல்லை, புத்தம் புதுசு என்பார்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் பட்டனாக ரப்பர் அப்படியே இருந்தாலும் உள்ளே வெடிப்பு விட்டிருக்கும். மல்லிக் பஜாரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டயரை மாட்டவும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய டிரெய்லர் என்று யாராவது காட்டினால் கதவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். அமெரிக்க வண்டியில் கதவு வலது பக்கம். அங்கே அது நடைபாதைப் பக்கம். நம் சாலையில் குழந்தை இறங்குவது லாரி வரும் பக்கம். உள்ளே இருக்கும் மின்சாமான் 110 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் வருவது 230.

இனி அந்த ஏ.சி. கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில் ஏ.சி. இல்லாமல் அந்தப் பெட்டிக்குள் தூங்க முடியாது என்பது உண்மைதான். ‘சோலாரிலேயே ராத்திரி முழுக்க ஓடும்’ என்பது பொய். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி; சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அது சீக்கிரம் செத்துப்போகும். ஒரு டன் ஏ.சி. கம்ப்ரசர் ஓடும்போது 1,000 வாட் கேட்கும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அப்போதுதான் ஜெனரேட்டர் வாங்குகிறார்கள், அப்போதுதான் வடகரை நடக்கிறது. தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக்கூடாது, அவ்வளவுதான். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் மாட்டுங்கள். தரையில் ஒயருக்கும் குழாய்க்கும் போட்ட ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்பதை, பகலில் ஜன்னலையெல்லாம் மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து வெளிச்சக் கீற்று வருகிறதா என்று பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

அடுப்பைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ரயில் நிலைய யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தது, உள்ளே திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரில் டீ போடப் போய்த்தான். டிரெய்லர் அந்தப் பெட்டியைவிடச் சின்னது, கதவும் ஒன்றே ஒன்று. சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், சிலிண்டருக்கு வெளியே காற்றோட்டமான தனிக் கூண்டு செய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து வாங்கியும் விட்டீர்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் அதை எங்கே நிறுத்துவீர்கள்? காளிகாட், பவானிபூர் சந்துகளில் காரைத் திருப்புவதே ஒரு வித்தை. குட்டி டிரெய்லர் என்றால் பின்னால் எடுப்பது சுலபம் என்று நினைப்போம். நீளமான டிரெய்லரைவிட அதுதான் சட்டென்று மடங்கிக் காரின் பக்கவாட்டில் இடிக்கும். அபார்ட்மென்ட்டில் உங்கள் பார்க்கிங் ஒரு காருக்குத்தான். தெருவில் விட்டால் பக்கத்து வீட்டு தாதாவும் போலீஸ் சார்ஜென்ட்டும் மாறி மாறிக் கதவைத் தட்டுவார்கள். நகருக்கு வெளியே டன்குனிப் பக்கம் வாடகை இடம் பார்த்தால், போய் வந்து கவனிக்க ஆள் இல்லாமல் இந்த ஊர் ஈரத்தில் பிளைவுட் உப்பிவிடும். பழைய டிரெய்லர் வாங்கும்போதும் உள்மூலைகளில், ஜன்னலுக்குக் கீழே, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் கூரை ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். மேலே ஒட்டிய புது வால்பேப்பர் அதற்குத்தான்.

வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து டிரெய்லர் பேட்டரிக்கு சார்ஜ் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 23 விடிந்தபோது, 24 மணி நேரத்துக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி கொல்கத்தா மிதந்தது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் தேங்கிய நீரில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். டிரெய்லரின் வெளிப்பக்கம் இரும்பும் தகடும், நிற்பது ரப்பர் டயரில். எர்த் இல்லாத ஒயரில் எங்காவது கசிந்தால், தகட்டைத் தொட்டுக்கொண்டு தண்ணீரில் நிற்கும் ஆள் வழியாகத்தான் அது இறங்கும். எர்த் உள்ள மூன்று பின் ஒயர் போடுங்கள், வீட்டு சர்க்யூட்டில் கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், வானம் கறுத்தால் வீட்டுப் பக்க பிளக்கை முதலில் பிடுங்கிவிட்டுப் பிறகு டிரெய்லர் பக்கம் போங்கள்.