போர்த் திரைப்படமும் மனந்திரும்புதலும்

போரைப் பற்றிய படைப்புகள் இருவகைப்படும். வீரத்தைப் போற்றுபவை ஒருவகை. இழப்பையும் அதன்பின் எஞ்சும் குற்ற உணர்வையும் காட்டுபவை மற்றொரு வகை. முதல் வகைக்குத் தமிழில் ஆழ்ந்த வேர் உண்டு. புறத்திணையின் மூதின்முல்லைத் துறை மறக்குடித் தாயின் வீரத்தையே பாடுகிறது. அவளது கலக்கத்தை அன்று.

இரண்டாம் வகைக்குத் தக்க சான்று, மணிரத்னம் இயக்கி 2002இல் வெளிவந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. இலங்கையிலிருந்து இராமேசுவரம் வந்த ஷியாமா, முகாமில் பெற்ற மகவை விட்டுவிட்டுத் தாய்மண் திரும்பிப் போராளியாகிறாள். சென்னையில் வளரும் அக்குழந்தை அமுதா, ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மையை அறிந்து தாயைத் தேடிச் செல்கிறாள்.

இப்படத்தின் ஆற்றல் குண்டுவெடிப்புகளில் இல்லை. சிறுமியின் கேள்விகளில் இருக்கிறது. தன்னை ஏன் விட்டுப் போனாய் என்று மகள் கேட்கையில், துப்பாக்கி ஏந்திய தாயிடம் கண்ணீரே உள்ளது. அவளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் காரணம் குற்ற உணர்வைத் துடைத்துவிடுவதில்லை.

திருமறையும் இதனை அறியும். தாவீதின் படை வென்றது. அரசனோ அப்சலோமுக்காக அழுதான் (2 சாமுவேல் 18). அவ்வழுகைக்குப் பின்னால் உரியாவின் இரத்தமும், பட்டயம் அவன் வீட்டை விட்டு நீங்காது என்ற நாத்தானின் வாக்கும் நிற்கின்றன. யோவாப் அரசனின் துக்கத்தைக் கடிந்தான். திருமறையோ அப்புலம்பலை மறைக்காமல் பதிவு செய்தது. வெற்றியின் ஆரவாரத்தில் இறந்தோரை மறவாதிருப்பதே அதன் நேர்மை.

எனினும் கண்ணீர் மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. அழுது முடித்ததும் கடன் தீர்ந்தது என்று எண்ணி அரங்கை விட்டு வெளியேறுதல் எளிது. மனந்திரும்புதலுக்கு நடத்தும் துக்கம் வேறு, உலகத் துக்கம் வேறு என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 7:10). முந்தையது நம்மை ஒருவரிடம் அனுப்புகிறது. பிந்தையது நம்மிடமே நின்றுவிடுகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் சபைகளுக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1983 முதல் தமிழகம் வந்த ஈழ மக்களுக்கான முகாம்கள் குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் உள்ளன. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2021இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாறியது. ஆயினும் இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை பெறாதோர் தமிழக முகாம்களில் பலர். வானம் பார்த்த இக்கரிசல் பூமியில், திரையில் கண்ட அமுதாவைப் போன்றோர் நமது அயலாராக வாழ்கின்றனர்.

ஆகவே, இத்தகைய படத்தைச் சபையில் காட்டுவோர், அருளுரைக்கு உவமை தேடுவதோடு நின்றுவிடலாகாது. இறந்தோரின் பெயர்களை அவர்தம் உறவினரே சொல்லிப் புலம்பும் வழிபாட்டிற்கு இடம் தருக. நாம் பேசாமல், முதலில் கேட்போமாக. அவர்களின் கேள்விகளுக்கு நம்மிடம் விடை இல்லாதிருக்கலாம். விடையற்ற இடத்திலும் உடன் அமர்ந்திருப்பதே சிலுவையின் அடியில் நின்றோர் நமக்குக் கற்பிக்கும் சீடத்துவம்.