பந்தை அடிப்பது கண்ணா, மூளையா?

குட்டீஸ், ஒரு அடி ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நண்பரையும் துணைக்குக் கூப்பிடுங்கள்.

நண்பர் ஸ்கேலின் 30 செ.மீ. முனையைப் பிடித்து, செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழே '0' இருக்கும் இடத்தில், ஸ்கேலைத் தொடாமல் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வையுங்கள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விடுவார். நீங்கள் 'லபக்'கென்று பிடிக்க வேண்டும்!

எந்த எண்ணில் பிடித்தீர்கள்? 15 செ.மீ. என்றால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 0.17 நொடி. 20 செ.மீ. என்றால் 0.20 நொடி. 30 செ.மீ. என்றால் 0.25 நொடி. கண் பார்த்து, மூளை உத்தரவு போட்டு, விரல் அசைய ஆகும் நேரம் இது.

இப்போது நண்பரை "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சீராக எண்ணி, மூன்றில் விடச் சொல்லுங்கள். முன்பைவிடச் சீக்கிரமே பிடித்துவிடுவீர்கள். உங்கள் விரல் வேகமாகிவிடவில்லை. எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிட்டது!

பேட்ஸ்மேனின் ரகசியம்

மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசப்படும் பந்து, ஏறக்குறைய அரை நொடியில் பேட்ஸ்மேனை எட்டிவிடும். அதற்குள் பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, மட்டையையும் வீச வேண்டும். எப்படி முடிகிறது?

மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற பிரிட்டன் விஞ்ஞானிகள், பேட்ஸ்மேன்களின் கண் அசைவைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். 2000-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பேட்ஸ்மேன்கள் பந்தைக் கடைசி வரை விடாமல் பார்ப்பதில்லை. பந்து கிளம்பியதும், அது தரையில் குத்தப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிவிடுகிறது. திறமையானவரின் கண் இன்னும் சீக்கிரம் தாவுகிறது.

மூளையும் தசையும் இப்படிச் சேர்ந்து வேலை செய்வதை ஆராயும் படிப்புக்கு 'இயக்கக் கட்டுப்பாடு' என்று பெயர்.

கூட்டம் கூடினால்...

இதன் கூட்டாளி 'விளையாட்டு உளவியல்'. 1898-ல் அமெரிக்காவின் நார்மன் டிரிப்லெட், தூண்டில் கயிறு சுற்றும் கருவியை 40 சிறுவர் சிறுமியரிடம் கொடுத்துச் சுற்றச் சொன்னார். முதலில் தனியாக, பிறகு போட்டியாக. போட்டி என்றதும் பாதிப் பேருக்கு வேகம் கூடியது. கால்வாசிப் பேருக்கோ பதற்றத்தில் வேகம் குறைந்தது! ஆகவே போட்டியன்று உங்களுக்குக் கை நடுங்கினால், "எனக்குத் திறமை இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள். பலருக்கும் அப்படித்தான். மனதை அடக்குவதும் பந்து வீசுவதைப் போலப் பழகிக்கொள்ளக்கூடியதே.

கலந்து பழகுங்கள்

ஷியா, மார்கன் என்ற இருவர் 1979-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். மூன்று வகைக் கை அசைவுகளை ஒரு குழு ஒவ்வொன்றாக முடித்துப் பழகியது. இன்னொரு குழு மாற்றி மாற்றிப் பழகியது. பயிற்சியின்போது முதல் குழுதான் நன்றாகச் செய்தது. ஆனால், 10 நாள் கழித்துப் பார்த்தால் மாற்றிப் பழகியவர்களே முந்தினார்கள்! பயிற்சியில் தடுமாறுவது தோல்வி அல்ல. மூளை கற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நீங்களும் படிக்கலாம்!

உடற்பயிற்சி அறிவியல் பட்டப்படிப்பில் இவையெல்லாம் பாடங்கள். சென்னை அருகே மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியல் கற்றுத் தருகிறார்கள். விளையாட்டும் அறிவியலும் பிடிக்குமா? அப்படியானால் இது உங்களுக்கான படிப்புதான், குட்டீஸ்!