தகவல் துளி: மழையும் வைசூரியும்

தம்புள்ளைக்குத் தெற்கே வஹக்கோட்டையில் பழைய கத்தோலிக்கச் சமூகமொன்று உண்டு. ஒல்லாந்தர் கரையோரத்தில் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், கண்டி இராச்சியத்தில் சிதறிக் கிடந்த இத்தகைய கத்தோலிக்கரைத் தேடி வந்தவர் கோவாவைச் சேர்ந்த புனித யோசப் வாஸ் அடிகளார். 1692-இல் கண்டியில் ஒற்றரென்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். பின்னர் கடும் வறட்சியில் அவர் செபிக்க மழை பெய்தது என்கிறது மரபு. மழை தற்செயலாகவும் வந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வியே. ஆனால் 1697-இல் கண்டியில் வைசூரி பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அவர் குடிசை குடிசையாகச் சென்று புண்களைக் கழுவினார், கஞ்சி ஊட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். இதில் தற்செயல் எதுவுமில்லை.

மதம் மாற்றத்தானே இந்தத் தொண்டு என்றும் கேட்கலாம். அவர் கத்தோலிக்கர், பௌத்தர் என்று பார்த்துப் பணி செய்யவில்லை. பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனே அவரை மதித்துப் பாதுகாத்தான். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, வழமையாகக் கேட்கப்படும் இரண்டாவது அற்புதத்தைக் கேட்கவில்லை. அற்புதம் ஒரு சமூகத்தை வியக்க வைக்கும். அந்த வியப்பைத் தலைமுறை தாண்டும் விசுவாசமாக்குவது இரக்கமே.