ஜோசப் காலேஜில் ஒரு செடிக் களஞ்சியம்

கொல்லிமலையில் பறித்த செடி இன்னதுதான் என்று உறுதி செய்ய எங்கே போவது? திருச்சி தூய வளனார் கல்லூரிக்குப் போகலாம். ஊர்க்காரர்களுக்கு அது 'ஜோசப் காலேஜ்'. அப்துல் கலாம் படித்த இடம் என்று எல்லோருக்கும் தெரியும். அங்குள்ள ராபினட் உலர்தாவரகம், அதாவது காயவைத்த செடிகளின் களஞ்சியம், தாவரவியல்காரர்களைத் தாண்டி அவ்வளவாகத் தெரியாது.

சேசு சபைக் குருக்கள் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்லூரி இது.

உலர்தாவரகத்தை 1967-இல் தொடங்கியவர் கே.எம். மேத்யூ அடிகளார். அதுவரை இப்பகுதித் தாவரங்களுக்குக் கேம்பிள் என்ற ஆங்கிலேயர் 1915-இல் வெளியிடத் தொடங்கிய நூல்தான் கதி. மேத்யூவும் மாணவர்களும் காடுமேடெல்லாம் அலைந்து சேர்த்தது, 1980-களின் தொடக்கத்தில் 'கர்நாட்டிக்' எனப்படும் தமிழ்நாட்டுப் பகுதியின் தாவர நூலாகப் பல தொகுதிகளில் வந்தது. பழனி மலைக்கும் தனி நூல் எழுதினார்.

வேலை என்னவோ எளிதுதான். செடியைப் பூவோடு பறித்து, செய்தித்தாள் மடிப்பில் வைத்து அழுத்தி, காயவைத்துத் தடித்த தாளில் ஒட்ட வேண்டும். மூலையில் ஒரு சீட்டு: பறித்தவர் யார், எந்த ஊர், எந்த நாள், எவ்வளவு உயரத்தில். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் வெறும் சருகு. இதையே ஆயிரக்கணக்கில், சலிக்காமல், பல்லாண்டு செய்வதுதான் பெரும்பாடு. குடும்பமோ சேமிப்போ இல்லாத துறவிக்கு அந்தப் பொறுமை கூடுதலாக வாய்க்கிறது என்று நினைக்கிறேன். துறவு மட்டும் போதாது என்பதும் உண்மை. அரசு உதவிபெறும் கல்லூரியில் பேராசிரியர் சம்பளம் மக்கள் வரிப்பணம்.

அதனால்தான் கேட்கத் தோன்றுகிறது. அரசுப் பணம் வராத, கட்டணம் கட்டிப் படிக்கும் சுயநிதி வகுப்புகள் கல்லூரிகளில் பெருகும் காலத்தில், செடி பதிக்க யார் வருவார்கள்? 1978 முதல் ஜோசப் காலேஜ் தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டம் வகுக்கும் உரிமை கையில் இருக்கிறது. வணிகவியலோ கணினியோ, சேரும் ஒவ்வொரு மாணவரும் தன் ஊர்ச் செடி ஒன்றைப் பதித்துச் சீட்டெழுதிக் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் ஒரு விதி போடலாமே!