டப்பா வேற, மாவு மில் வேற!

 

நம்ம ஊரில் நிறைய வீடுகளில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ படிக்கும்போது கொடுத்த கவர்மென்ட் லேப்டாப் இருக்கும். 2011-இல் ஆரம்பித்த திட்டம் அது. அப்படி வந்த பல லேப்டாப்களை ஆன் செய்தால் விண்டோஸ் வேண்டுமா, பாஸ் வேண்டுமா என்று இரண்டு பெயர் வரும். எல்லோரும் விண்டோஸைத்தான் அமுக்குவார்கள். பாஸ் பாவம், சும்மா கிடக்கும்.

பாஸ் என்றால் இங்கே முதலாளி இல்லை. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட லினக்ஸ். அதற்கு அடிப்படை டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ். டெபியனை 1993-இல் இயான் முர்டாக் என்பவர் தொடங்கினார். இதில் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒரு பொட்டலமாக வரும். பேக்கேஜ் என்பார்கள். அந்தப் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். ஓப்பன் எஸ்எஸ்எச் கிளையன்ட் என்று ஒன்று, ஓப்பன் எஸ்எஸ்எச் சர்வர் என்று ஒன்று. மரியாடிபி கிளையன்ட், மரியாடிபி சர்வர். ஒரே சாஃப்ட்வேரை எதுக்கு இரண்டாக உடைக்கணும்?

மாவு மில்லை நினைச்சுக்கோங்க. டப்பாவில் அரிசி எடுத்துட்டுப் போறோம், அரைத்துத் தருகிறார்கள். கேட்கிற நாம்தான் கிளையன்ட். கொடுக்கிற மில்தான் சர்வர். ஊருக்கு மில் ஒன்று போதும், டப்பா நூறு வரும். மில்லுக்குப் பெரிய மோட்டார் வேணும், யார் வருவாங்க என்று காத்திருக்க ஆள் வேணும், கதவு திறந்தே இருக்கணும். டப்பாவுக்கு மூடி இருந்தால் போதும். கடையில் போய் டப்பா கேட்டால், "மில்லையும் சேர்த்துத்தான் தருவேன், வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அம்மா நம்மளை வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க!

இடம் அடைப்பது சின்னக் கஷ்டம்தான். திறந்திருக்கும் கதவுதான் பெரிய கஷ்டம். எஸ்எஸ்எச் என்பது இங்கே உட்கார்ந்துகொண்டு தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை இயக்க உதவுவது. பின்லாந்தில் டாட்டு யூலோனென் என்பவர் 1995-இல் எழுதினார். அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடியதுதான் காரணம். ஆக, திருட்டைத் தடுக்க வந்த சாஃப்ட்வேர் இது. ஆனால் இதன் சர்வர் பாதி ஓடினால், 22 என்ற எண்ணுள்ள கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "யாரு?" என்று காத்திருக்கும். வெளியில் போய்க் கேட்க மட்டும் நினைத்தவருக்கு அந்தக் கதவு எதுக்கு?

டெபியனிலேயே முதலில் இது ஒரே பொட்டலமாகத்தான் இருந்தது. 2005-இல் வந்த சார்ஜ் என்ற பதிப்பில், அதைப் போடும்போது சர்வரையும் ஓட்டவா என்று ஒரு கேள்வி கேட்கும். பாதிப் பேர் கேள்வியை எங்கே படிக்கிறோம்! 2007-இல் வந்த எட்ச் பதிப்பில் கிளையன்ட் தனி, சர்வர் தனி ஆகிவிட்டது. (சார்ஜ், எட்ச் எல்லாம் டாய் ஸ்டோரி படத்தில் வரும் பொம்மைகளின் பெயர். டெபியன்காரர்களுக்கு அப்படி ஒரு ஆசை.)

இப்படி உடைப்பவர்கள் சாஃப்ட்வேரை எழுதியவர்கள் இல்லை. எழுதியவர்கள் ஒரே மூட்டையாகத்தான் தருவார்கள். டெபியனில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக்கொள்பவர்தான் எந்த ஃபைல் எந்தப் பக்கம் போகணும் என்று பிரிக்கிறார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஃபைல்களும் இருக்குமே? அதற்கு மரியாடிபி காமன் என்று மூன்றாவது பொட்டலம்.

எல்லா லினக்ஸும் இப்படி இல்லை. ஆர்ச் லினக்ஸில் ஓப்பன் எஸ்எஸ்எச் இன்னமும் ஒரே பொட்டலம். அவர்கள் கவனம் இல்லாதவர்களா என்றால், இல்லை. ஆர்ச்சில் சர்வர் வந்து சும்மா இருக்கும், நாம் கட்டளை கொடுத்தால்தான் ஓடும். டெபியனில் சர்வர் பொட்டலத்தைப் போட்ட உடனே அது ஓட ஆரம்பித்துவிடும். அதனால் டெபியனுக்குப் பிரிப்பது ரொம்ப முக்கியம். எனக்கு டெபியன் வழிதான் பிடித்திருக்கிறது. இல்லாத கதவைத் திறக்க முடியாது இல்லையா!

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016-இல் மிராய் என்ற கெட்ட புரோகிராம் வந்தது. வீட்டு கேமராக்கள், ரவுட்டர்கள் பலவற்றுக்குள் டெல்நெட் என்ற பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பாஸ்வேர்டும் கம்பெனி போட்டதுதான். மிராய் அந்தக் கதவு வழியாக லட்சக்கணக்கான கருவிகளுக்குள் நுழைந்தது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் திறக்கவில்லை.

உங்க வீட்டு லேப்டாப்பில் பாஸ் இருந்தால், பொட்டலங்களின் லிஸ்டைத் திறந்து சர்வர் என்று முடியும் பெயர் ஏதாவது இருக்கிறதா பாருங்க. இருந்தால், யார் எதுக்குப் போட்டது என்று அக்காவையோ அண்ணனையோ கேளுங்க. ஆனால் எல்லா சர்வரும் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாது. டெல்நெட் கிளையன்ட், டெல்நெட்டி சர்வர். கடைசியில் ஒரு 'டி' மட்டும்தான் வித்தியாசம். சாம்பா என்று சும்மா போட்டிருந்தால், அதுவும் சர்வர்தான்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி