விளையாட்டு மகிழுந்தின் வேகக் கணக்கு

நுழையும்முன்

குழந்தைகள் அமர்ந்து ஓட்டும் மின் மகிழுந்து ஒரு விளையாட்டுப் பொருள்தான். எனினும், நாம் இயற்பியலில் கற்கும் மின்சுற்று, திருப்புவிசை, இயக்க ஆற்றல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கியுள்ளன. அது நின்றுவிட்டால் பழுதைக் கண்டறிவது எவ்வாறு? அதன் வேகத்தை எந்த அளவுக்கு மாற்றலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

உள்ளமைப்பு

வண்டியின் இருக்கைக்கு அடியிலோ முன்மூடிக்குக் கீழோ காரீய அமில மின்கல அடுக்கு இருக்கும். ஒரு மின்கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். எனவே, 12 வோல்ட் அடுக்கில் ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மின்னோட்டம் முதலில் மின் உருகியையும், பின்னர் மிதியின் கீழுள்ள சுவிட்சையும் கடந்து மோட்டாரை அடைகிறது. மோட்டார் நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும். ஆனால், வண்டிக்குத் தேவை அத்தகைய விரைவு அன்று. குழந்தையைச் சுமந்து நகரும் வலிமையே. ஆகவே, நெகிழிப் பற்சக்கரங்கள் சுழற்சியைக் குறைத்துத் திருப்புவிசையைப் பெருக்கிச் சக்கரத்திற்கு அளிக்கின்றன.

பழுதறியும் முறை

மின்னோட்டம் செல்லும் வழியிலேயே நாமும் சென்றால் பழுது புலப்படும். முதலில் மின்கல அடுக்கை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். முழுமையாக மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் அடுக்கு, ஓய்வு நிலையில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். மிதியை அழுத்தியவுடன் அந்த அளவு வெகுவாகச் சரிந்தால் அடுக்கு நலிந்துவிட்டது எனலாம். மின்னேற்றாமல் பல மாதம் கிடந்தால், கலத்தின் தகடுகளில் காரீய சல்ஃபேட் படிகங்கள் இறுகுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

அடுக்கு நலமாக இருந்தும் வண்டி அசையவில்லையெனில் உருகி, சுவிட்ச், கம்பி இணைப்புகள் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும். மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் சக்கரம் சுழலாவிடில், பற்சக்கரத்தின் பற்கள் முறிந்திருக்கக்கூடும். எப்பாகத்தைக் கழற்றுவதாயினும் மின்கல இணைப்பை முதலில் துண்டித்தல் வேண்டும். உருகி எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள உருகியையே பொருத்த வேண்டும். அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுதல் தீவிபத்தை வரவழைக்கும் செயலாகும்.

இருவேக அமைப்பு

இவ்வகை மோட்டாரின் வேகம், அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்திற்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் அமையும். இரண்டு மோட்டார்கள் உள்ள 12 வோல்ட் வண்டிகள் பலவற்றில் இவ்விதியே பயன்படுகிறது. மோட்டார்களைத் தொடராக இணைத்தால் ஒவ்வொன்றும் 6 வோல்ட் பெறும். வண்டி மணிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். பக்க இணைப்பாக மாற்றினால் ஒவ்வொன்றும் 12 வோல்ட் பெறும்; வேகம் ஏறத்தாழ 8 கிலோமீட்டராக உயரும். ஓட்டப் பழகும் குழந்தை உயர்வேகத்திற்கு மாற்றாதவாறு தடுக்கும் பூட்டமைப்பும் பல வண்டிகளில் உண்டு. வேறு சில வண்டிகளில் மின்னணுச் சுற்று, மின்சாரத்தை நொடிக்குப் பலநூறு முறை விட்டுவிட்டுச் செலுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

வேகத்தைக் கூட்டுவதன் விளைவு

சிலர் 12 வோல்ட் அடுக்கை அகற்றிவிட்டு 18 வோல்ட் அடுக்கைப் பொருத்துகின்றனர். இதனால் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆனால், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அது இரண்டேகால் மடங்காகிவிடும். இவ்வண்டிகள் பலவற்றில் தனி நிறுத்தி கிடையாது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரின் இருமுனைகளும் ஒன்றாக இணைய, அது மின்னாக்கியைப் போலச் செயற்பட்டுச் சக்கரத்தின் சுழற்சியைத் தடுக்கிறது. கூடுதலான ஆற்றல் முழுவதையும் இந்த ஏற்பாடே தாங்க வேண்டியிருக்கும். வண்டி நிற்பதற்குக் கடக்கும் தொலைவும் நீளும். கம்பிகளும் மோட்டாரும் மிகையாகச் சூடேறும், பற்சக்கரங்கள் முறியும்.

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வகை வண்டிகள் ஒரு கோடி வரை பழுதுநீக்கத்திற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றின் மின்பாகங்கள் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். ஆலையில் உருவான வண்டிக்கே இவ்விடர் நேருமெனில், அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தை ஏற்றிய வண்டியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே, வேகச் சீரமைப்பு என்பது வேகத்தைக் கூட்டுவது மட்டுமன்று. நலிந்த மின்கல அடுக்கை மாற்றி இழந்த வேகத்தை மீட்பதும், சிறு குழந்தைக்கு ஏற்பத் தாழ்வேகத்தில் நிறுத்துவதும் சீரமைப்பே. வண்டியின் வேகம், அதில் அமரும் குழந்தை தானே திருப்பவும் நிறுத்தவும் இயலும் அளவைக் கடத்தல் கூடாது.